கயிறு மாறும் முன்

திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி வந்துவிடும். விழுப்புரத்திலிருந்து வருவோர்க்கும் தொலைவு அதிகமில்லை. முதுகலை மாணவர்களை ஆண்டுக்கொரு முறை அங்கே அழைத்துச் செல்வது நம் வழக்கம். இராசகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்த பிறகு, வளைவு வளைவாக நீளும் குதிரை லாயத்தின் முன் எல்லோரும் சற்று நிற்பார்கள். நிழல் உள்ள இடம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சென்ற முறை அந்த நிழலில் ஒரு மாணவர் கேட்டார்: "ஐயா, இங்கே கட்டியிருந்த குதிரையையெல்லாம் யார் பார்த்து வாங்கியிருப்பாங்க? நல்ல குதிரைன்னு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

தேசிங்குராசன் கதையைச் சொல்லத் தயாராக இருந்த நமக்கு இந்தக் கேள்வி சற்று இடறலாக இருந்தது. குதிரையின் வேகம், பிடரி, கனைப்பு, அதன் மேல் ஏறிய வீரன், அவன் பட்ட புண் என்று நம் இலக்கியம் குதிரையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறது. ஆனால் விலை கொடுக்கும் முன் ஒருவன் குதிரையின் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்தான் என்று எங்கே பேசியிருக்கிறது? அன்று நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். வீடு திரும்பிய பிறகும் கேள்வி விடவில்லை. அதன் பின்னே சென்றபோது கிடைத்தவற்றையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

*

முதலில் நம் ஊர்ப்பக்கத்துச் சங்க நூலிலிருந்து தொடங்குவோம். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர் கிடங்கில். இன்று திண்டிவனம் நகருக்குள்ளேயே அடங்கிவிட்ட அந்தக் கிடங்கிலில் பழைய கோட்டையின் எச்சங்களும் உள்ளன. அவனுடைய எயிற்பட்டினத்தை மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையாகக் கொள்வது ஆய்வாளர் வழக்கு.

வள்ளல்கள் எழுவரின் கொடையை இந்நூல் வரிசைப்படுத்துகிறது. அவர்களுள் காரி, கேட்டு வந்தவர்க்கு இன்சொல்லோடு குதிரையை வழங்கியவன். அவன் ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர். அவனோடு பொருத ஓரியின் குதிரைக்கு ஓரி என்று பெயர். மனிதனையும் குதிரையையும் ஒரே பெயரால் அழைத்த காலம் அது. காரியின் திருக்கோவலூர் 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காரியிடம் குதிரை பெற்ற இரவலன் அதைச் சோதித்துப் பார்த்தானா? பார்த்திருக்க மாட்டான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பதம் பார்க்கலாகாது என்பது நம் பழமொழி. அந்தப் பழமொழிக்குள்ளேயே மற்றொரு செய்தி மறைந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும் என்பதுதான் அது.

பழமொழி குதிரையைச் சொல்லாமல் மாட்டைச் சொல்வதையும் தற்செயல் என்று தள்ளிவிட முடியவில்லை. நம் உழவர்களுக்கு மாடு கைக்கு எட்டிய உயிர். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று கீழ்த்தாடையை வைத்தே வயதைச் சொல்வார்கள். நெற்றியிலும் முதுகிலும் சுழி பார்ப்பார்கள். நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், ஏரில் பூட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இந்த அறிவு ஏட்டில் எழுதப்படாமல் கைவழியாகவே வந்தது. சிறுபாணாற்றுப்படையின் முடிவில் நல்லியக்கோடன் பாணனுக்குத் தரும் ஊர்தியைக் கூட, குதிரையின் ஓட்டத்தையும் பின்னுக்குத் தள்ளும் எருது பூட்டியதாகவே உரைகாரர் காட்டுகின்றனர். எருதை அறிந்த நாடு, குதிரையையும் எருதின் அளவுகோலால் அளந்தது என்று கொள்ளலாம்.

குதிரை அப்படிக் கைக்கு எட்டிய உயிரன்று. அது கடல் வழியே வந்த பண்டம்.

*

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்திருந்த பொருள்களைச் சொல்லும்போது, நீர்வழி வந்த குதிரைகளையே முதலில் வைக்கிறது. பெரும்பாணாற்றுப்படையின் நீர்ப்பெயற்றுத் துறையிலும் கலங்களில் வந்த குதிரைகள் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் கோயிலுக்குக் கொடை அளிப்பதைக் காண்கிறோம். குதிரை விற்பதையே தொழிலாகக் கொண்ட வணிகர் கூட்டம் செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்தது என்பதற்கு அக்கல்வெட்டுகள் சான்று.

பாண்டியர் காலத்துக்கு வந்தால் கணக்கே கிடைக்கிறது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், அதாபெக் அபூபக்கர் காலத்தில் மாபார் எனப்பட்ட தமிழ்க் கடற்கரைக்கும் கம்பாயத்து முதலிய துறைகளுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின என்றும், அவற்றின் மதிப்பு 22 இலட்சம் தினார் என்றும் எழுதுகிறார். ஒரு குதிரைக்கு 220 தினார். பின்னர் ஜமாலுத்தீன் என்ற பெருவணிகருடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 1,400 குதிரைகள் வரவேண்டும். வழியில் இறந்துபோகும் குதிரைக்கும் அதே 220 தினாரை அரசு தரவேண்டும்.

இறந்த குதிரைக்கு விலை என்பதை முதன்முறை படித்தபோது நாம் அந்த வரியை மறுபடி படித்தோம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோவும் இதைப் பற்றிப் பேசுகிறார். ஓர்முசு, கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து வணிகர்கள் குதிரை கொண்டுவருகிறார்கள். மன்னன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்குகிறான். அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குகிறார்கள். ஆண்டு முடிவில் 100 குதிரைகள் கூட மிஞ்சுவதில்லை என்கிறார். பராமரிக்கத் தெரியாமையே காரணம் என்பது அவர் கருத்து. குதிரைக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்தார்களாம். இலாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்கள் இந்நாட்டுக்கு வருவதை வணிகர்களே தடுத்துவிடுகிறார்கள் என்றும் அவர் சேர்க்கிறார். குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்க முடியும்!

மார்க்கோ போலோ எண்களைப் பெருக்கிச் சொல்லும் இயல்புடையவர் என்பது நாம் அறிந்ததே. பாலைவனக் காற்றில் வளர்ந்த விலங்கு நம் கடற்கரையின் புழுக்கத்தைத் தாங்குவதும் எளிதன்று. எல்லாப் பழியையும் தீனியின் மேல் போட்டுவிட முடியாது. ஆயினும் அவர் கண்ட அடிப்படை உண்மையை மறுக்க இயலவில்லை. குதிரையைப் பற்றிய அறிவு முழுவதும் விற்பவன் பக்கம் இருந்தது. வாங்குபவன் பக்கம் இருந்தது பொன் மட்டுமே.

விசயநகரக் காலத்தில் நிலை இன்னும் வியப்பானது. 1535ஐ ஒட்டி எழுதிய போர்த்துகீசியக் குதிரை வணிகர் நூனிஸ், சாளுவ நரசிம்மன் ஓர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை வரவழைத்த முறையைச் சொல்கிறார். உயிருடன் வந்தாலும் செத்து வந்தாலும் மூன்று குதிரைக்கு 1,000 பர்தாவ். கடலில் இறந்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். உயிருள்ள குதிரைக்கு உரிய பணம் கிடைக்கும். கிருட்டிணதேவராயர் ஆண்டுக்கு 13,000 ஓர்முசுக் குதிரைகள் வாங்கினார் என்பதும் நூனிஸ் தரும் கணக்கே.

வாலைப் பார்த்து விலை கொடுத்த அரசர்களைப் பேதைகள் என்று சொல்லிவிட முடியுமா? அவர்கள் அஞ்சியது கெட்ட குதிரை வந்துவிடும் என்பதற்காக அன்று. நல்ல குதிரை பக்கத்து அரசனுக்குப் போய்விடும் என்பதற்காக. 1510இல் கோவாவைக் கைப்பற்றிய ஆல்புகர்க் இந்த அச்சத்தை நன்றாகப் புரிந்துகொண்டு, குதிரை எந்தப் பக்கம் போகும் என்பதையே பேரத்துக்குரிய பொருளாக்கினார். 1547இல் போர்த்துகீசியரும் விசயநகரமும் செய்துகொண்ட உடன்படிக்கையில், கோவாவில் இறங்கும் குதிரைகள் விசயநகரத்துக்கே உரியவை என்பது முக்கியமான விதியாக இருந்தது. அப்படிப்பட்ட பேரரசின் கீழ் நாயக்கர்கள் ஆண்ட ஊர்களுள் ஒன்றுதான் செஞ்சி. அந்த லாயத்தின் வளைவுகளுக்குள் நிற்கும்போது, அங்கே கட்டப்பட்ட குதிரைகளோடு, வாலாக மட்டும் வந்து சேர்ந்தவற்றுக்கும் சேர்த்துத்தான் உழவனின் வரிப்பணம் செலவாயிற்று என்ற நினைவும் வருகிறது.

*

இப்போது திருவிளையாடலுக்கு வருவோம். குதிரை வாங்கும் நிகழ்ச்சியை முழுமையாகச் சொல்லும் தமிழ்க்கதை நாம் அறிந்தவரை இது ஒன்றே.

பாண்டியனின் குதிரைப் படை குறைந்துவிடுகிறது. கீழைக் கடற்கரையில் குதிரைகள் வந்திறங்கிய செய்தி கேட்டு, அமைச்சர் வாதவூரரைப் பொன்னோடு அனுப்புகிறான். அவர் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு ஆட்பட்டு, பொன்னைத் திருப்பணிக்குச் செலவிட்டுவிடுகிறார். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்று மன்னனுக்குச் செய்தி போகிறது. காட்டு நரிகள் குதிரைகளாகின்றன. இறைவனே குதிரைச் சேவகனாக அவற்றை மதுரைக்கு ஓட்டி வருகிறான். அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. பரஞ்சோதி முனிவர் இதை நரி பரியாக்கிய படலம், பரி நரியாக்கிய படலம் என்று இரண்டாக வகுத்துப் பாடுகிறார்.

இறைவன் அடியவரை ஆட்கொண்ட கதை இது. அந்தப் பொருளை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கதைக்குள் ஒரு சந்தை இருக்கிறது. அந்தச் சந்தையின் நடைமுறையைப் புலவர் நன்கு அறிந்திருக்கிறார். குதிரைகளின் இலக்கணத்தையும் நடைவகைகளையும் மன்னனுக்கு எடுத்துச் சொல்பவன் விற்க வந்த சேவகனே. மன்னன் பார்ப்பதெல்லாம் அவன் ஓட்டிக் காட்டும் ஓட்டம். மகிழ்ந்துபோய்ப் பட்டாடை ஒன்றைப் பரிசளிக்கிறான். சேவகன் அதைக் கைநீட்டி வாங்காமல் செண்டின் நுனியால் ஏற்கிறான். மன்னனுக்குச் சினம் மூள்கிறது. அது அவர்கள் நாட்டு வழக்கம் என்று அருகிலிருந்து சொல்லப்பட்டதும் அடங்கிவிடுகிறான்.

பிறகுதான் கயிறு மாறுகிறது. விற்பவன் கையிலிருந்த கயிறு வாங்குபவன் கைக்குப் போனால் விற்பனை முடிந்தது. இன்று கயிறு மாறிவிட்டால் நாளை என்ன நேர்ந்தாலும் தனக்கும் குதிரைகளுக்கும் தொடர்பில்லை என்று சேவகன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். மன்னனும் உடன்படுகிறான்.

இது புலவரின் கற்பனையில் மட்டும் பிறந்த விதியன்று. நம் மாட்டுச் சந்தைகளிலும் கயிறு கைமாறுவதுதான் விற்பனையின் முத்திரை. அதற்கு மேல் மாடு முட்டினாலும் படுத்தாலும் வாங்கியவன் பாடு. விற்றவன் பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு.

அப்பர் தேவாரத்திலேயே நரியைக் குதிரையாக்கிய செய்தி வருகிறது. மாணிக்கவாசகர் காலத்தைப் பற்றிய விவாதத்தில் அறிஞர்கள் அதை எடுத்தாள்வது வழக்கம். கால ஆய்வுக்குள் நாம் நுழையவில்லை. இந்தக் கருத்து இவ்வளவு பழையது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். கடல் கடந்து வந்த குதிரை, பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரை, ஓராண்டுக்குள் இல்லாமற்போய்விடும் நாட்டில், இன்று குதிரையாக நிற்பது நாளை வேறொன்றாகிவிடும் என்ற அச்சம் எல்லோர்க்கும் இருந்திருக்கும். கதை அந்த அச்சத்துக்கு நரி என்று பெயர் வைத்தது.

மன்னனின் தண்டனை யார் மேல் விழுந்தது என்பதையும் நினைக்க வேண்டும். விற்றவன் போய்விட்டான். வைகைச் சுடுமணலில் நின்றவர் வாங்கப் போனவர்.

*

குதிரையை அறியும் கலை இந்நாட்டில் இல்லவே இல்லை என்று இதற்குப் பொருளன்று. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் நூல்கள் உண்டு. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்துள்ளது. நான்கு காலும் முகமும் வெளுத்த குதிரை பஞ்சகல்யாணி என்பதும், தொண்டையில் விழும் தேவமணிச் சுழி நன்மை தரும் என்பதும் இன்றுவரை குதிரை வைத்திருப்போர் நாவில் உள்ள செய்திகள். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குச் சென்றால், மத்தளத்துக்கு ஏற்பக் கால் தூக்கி ஆடும் குதிரைகளைச் சுற்றிக் கூட்டம் நிற்பதையும், கூட்டத்துக்கு வெளியே இரண்டொருவர் அமைதியாகச் சுழி பார்த்துக்கொண்டிருப்பதையும் காணலாம்.

ஆயினும் இலக்கணம் அறிந்தவன் குதிரையைத் தேர்ந்தெடுக்கும் மிகச் சிறந்த காட்சி, நம் பார்வையில், பாரதத்து ஆரணிய பருவத்தின் நளன் கதையில் இருக்கிறது. உருவம் மாறி வாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக இருக்கும் நளன், ஒரே நாளில் விதர்ப்பம் போய்ச் சேரவேண்டும் என்று இருதுபன்னன் ஆணையிட்டதும் லாயத்துக்குள் போகிறான். ஒவ்வொரு குதிரையாகத் தடவிப் பார்க்கிறான். கொழுத்தவற்றை விட்டுவிட்டு மெலிந்த குதிரைகளைப் பிடித்து வருகிறான். அரசனுக்குக் கோபம் வருகிறது. எலும்பும் தோலுமான இவை நம்மை எப்படிச் சுமக்கும், விளையாடுகிறாயா என்கிறான். சிந்து நாட்டுப் பிறப்பையும் உடம்பில் உள்ள பத்துச் சுழிகளையும் சொல்லி, வேண்டுமானால் நீயே தேர்ந்தெடு, பூட்டித் தருகிறேன் என்கிறான் வாகுகன். அரசன் விட்டுக்கொடுக்கிறான். அன்றைய ஓட்டம் தேர்வு சரி என்று காட்டியது.

பாண்டியனுக்கும் இருதுபன்னனுக்கும் குதிரையைப் பற்றித் தெரிந்தது ஏறத்தாழ ஒன்றேதான். இருவர் கண்ணும் கொழுத்த உடம்பையும் பளபளப்பையுமே பார்த்தன. இருதுபன்னனுக்கு அருகில் விற்கவேண்டிய தேவை இல்லாத அறிவாளி ஒருவன் இருந்தான். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவனிடம் விட்டுவிடும் மனமும் அவனுக்கு இருந்தது. வேறுபாடு அங்கேதான்.

பின்னாளில் கும்பினி ஆட்சி இந்த அறிவாளியை ஓர் அலுவலகமாக்கியது. படைக்குக் குதிரை வளர்க்கவும் பழக்கவும் 1824இல் ஓசூரில் பண்ணை ஏற்பட்டது. இன்று அது அரசின் கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்த குதிரைகளுக்கு அவ்வூர்ப் பெயரை ஒட்டி வேலர் என்று பெயர். 1903இல் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. குதிரையைப் பார்ப்பது விற்பவன் வாய்ச்சொல்லிலிருந்து மருத்துவன் கைக்கு மெல்ல மாறியது.

மருத்துவர்கள் பார்க்கும் முறை கேட்பதற்கு மிக எளிமையானது. முன்பற்களில் நடுப்பல் இரண்டரை வயதிலும், அதை அடுத்தது மூன்றரையிலும், ஓரப்பல் நாலரையிலும் விழுந்து முளைக்கும்; ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன் பிறகு கீழ்ப்பற்களின் மேலுள்ள குழி தேய்வதை வைத்து ஏறத்தாழ எட்டு வயது வரை சொல்லலாம். இதை அறிந்த வணிகன் கிழட்டுக் குதிரையின் பல்லைக் குடைந்து, கறுப்பேற்றிக் குழி காட்டுவதும் உண்டு. அதனால் பல்லோடு நிறுத்தக்கூடாது. நான்கு குளம்பையும் தூக்கிப் பார்க்கவேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்பைத் தடவி வீக்கமும் சூடும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மணலில் நொண்டல் தெரியாது; ஆகவே கெட்டித் தரையில் நேராக ஓட்டவேண்டும். விரைந்து ஓடி நின்றதும் மூச்சின் ஒலியைக் கேட்கவேண்டும். கண்ணுக்கு நேரே விளக்கைக் காட்டவேண்டும். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்சு நோய் இல்லை என்று இரத்தச் சோதனையில் உறுதி செய்துகொள்வது இக்காலத்தில் கட்டாயமான ஒன்று.

இவற்றுள் எதற்கும் பொன் வேண்டாம். பொறுமை மட்டும் வேண்டும்.

*

இனி மாணவர் கேட்ட லாயத்துக்கே திரும்புவோம். செஞ்சிக் கோட்டை 2025 சூலையில் மராட்டியர் படைத்தள நிலப்பரப்புகளின் ஒரு பகுதியாக யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 1677இல் சிவாசி கைப்பற்றியது, 1690 தொடங்கி எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயர் வசமானது என்று அதன் வரலாறு நீளமானது. ஆனால் நம் மக்கள் நினைவில் நிற்பவன் சில மாதங்களே ஆண்ட தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து 1714 அக்டோபரில் இருபத்திரண்டு வயதில் வீழ்ந்தவன்.

கதைப்பாடலில் அவன் குதிரையை விலைக்கு வாங்கவில்லை. தில்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரை நிற்கிறது. தந்தை அதில் ஏற முயன்று தோற்றுச் சிறைப்படுகிறார். சிறுவன் தேசிங்கு போய் அடக்கி, அதையே பரிசாகப் பெற்று வருகிறான். இங்கே சோதிப்பது குதிரை, சோதிக்கப்படுவது மனிதன். காரி கொடுத்ததும் பரிசு. தேசிங்கு பெற்றதும் பரிசு. நம் இலக்கியத்துக்குப் பரிசாக வந்த குதிரையைத்தான் பிடிக்கும். விலைக்கு வாங்கிய குதிரையைப் பாட வந்தபோது அது நரியாகிவிட்டது.

கடைசிப் போரில், வெள்ளம் புரண்ட ஆற்றில் தேசிங்கு குதிரையை இறக்கினான் என்பது செஞ்சிப் பகுதியில் வழங்கும் மரபு. படையில் பாதி அக்கரையில் தங்கிவிட, அவன் போய்விட்டான். அந்தக் குதிரை அவனுக்காக ஆற்றையும் தாண்டியது. குதிரையைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதிரே நின்ற படையின் அளவைத்தான் அவன் எடைபோடவில்லை.

*

இந்தத் தேடலின்போது நம் நினைவுக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். நம் சிறுவயதில், விழுப்புரம் புகைவண்டி நிலையத்துக்கு வெளியே ஜட்கா வண்டிகள் கொஞ்சம் மிச்சமிருந்தன. எங்கள் தெருவிலும் வண்டிக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய குதிரை கிழடாகிவிட, வேறு குதிரை வாங்க வெளியூர் போனார். போனவர் மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் மாலை, சற்றும் அழகில்லாத மங்கிய செம்மண் நிறக் குதிரை ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். சந்தைக்குப் போனால் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு ஏன் இத்தனை நாள் என்று நம் தந்தையார் கேட்டார்.

"வாத்தியாரய்யா, சந்தையில நிக்கற அன்னைக்கு குதிரயப் பாக்கக் கூடாது. அன்னைக்கு விக்கறவனத்தான் பாக்கணும். குதிரய மறுநாள் விடியக்காலையில, அது ராத்திரி கட்டியிருந்த எடத்துல போயிப் பாக்கணும்" என்றார் அவர்.

விற்பவனின் ஊருக்கே போய், அவன் திண்ணையில் படுத்திருந்து, விடிவதற்கு முன் எழுந்து லாயத்துக்குப் போயிருக்கிறார். வைத்த தீனியில் எவ்வளவு மிச்சம், சாணம் எப்படி இருக்கிறது, உடம்பு சூடேறும் முன் வைக்கும் முதல் பத்து அடியில் கால் இழுக்கிறதா என்று மூன்று விடியல்களில் பார்த்திருக்கிறார். முதல் இரண்டு குதிரைகளும் சந்தையில் பிரமாதமாக ஓடினவையாம்.

அன்று நமக்கு அது புரியவில்லை. இன்று திருவிளையாடலைத் திறந்தால் அவர் குரல்தான் முதலில் கேட்கிறது. செண்டின் நுனியால் பட்டை ஏற்றபோது, விற்பவனைப் பார்க்கும் வாய்ப்பு பாண்டியனுக்குக் கிடைத்தது. அது அவர்கள் நாட்டு வழக்கம் என்ற ஒரு சொல்லில் அதை விட்டுவிட்டான். ஓர் இரவு பொறுத்து விடியலில் லாயத்துக்குப் போயிருந்தால் குதிரையைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்திருக்கும். அவனோ கயிற்றை அன்றே வாங்கிக்கொண்டான்.

அந்த மாணவருக்கு இந்தச் செய்தியை எழுதி அனுப்பினோம். படித்துவிட்டு, "அப்போ செஞ்சியில அந்த மாதிரி ஒரு பெரியவர் இருந்திருப்பாரா ஐயா?" என்று கேட்டார். இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறோம். லாயத்தின் வளைவுகளில் விடியற்காலையில் விளக்கோடு குனிந்து குளம்பைப் பார்த்த கை ஒன்று இல்லாமல், அத்தனை குதிரைகளை அத்தனை ஆண்டுகள் ஒரு கோட்டை வைத்திருக்க முடியாது. அவரைப் பற்றி யாரும் கதைப்பாடல் கட்டவில்லை.